கறந்த பாலும் காய்ச்சிய பாலும்



சில வாரங்களுக்கு முன்பு, காலைச் சபைகூடல் முடிந்து வகுப்பறைக்குள் நுழைந்தபோது, நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் என் மேசையருகே காத்துக்கொண்டிருந்தான். கையில் ஒரு போத்தல். அதன் கழுத்து வரைக்கும் பால். போத்தலின் வெளிப்புறம் இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

"ஐயா, அப்பா குடுக்கச் சொன்னாரு. காலையில கறந்தது. காய்ச்ச வேணாமாம். அப்படியே குடிச்சாத்தான் சத்தாம்" என்றான்.

அம்மாணவனின் தந்தை, பழைய தோட்டம் ஒன்றின் ஓரத்தில் எட்டு மாடுகள் வைத்திருக்கிறார். பக்கத்துக் குடியிருப்பில் இருபது வீடுகளுக்கு நாள்தோறும் பால் ஊற்றுகிறார். அவருடைய தகப்பனாரும் அதே தொழிலைச் செய்தவர்தாம். 'காய்ச்ச வேண்டாம்' என்பது மட்டும் புதிய பேச்சு. கைப்பேசியில் வரும் காணொளிகளில், பச்சைப்பால் பல நோய்களுக்கு மருந்து என்றும், சூடேற்றினால் அதன் உயிர்ச்சத்து செத்துவிடும் என்றும் யார் யாரோ பேசுகிறார்கள். வாங்குகிற சில வீட்டார் அதைக் கேட்டுவிட்டு அவரிடம் சொல்ல, அவரும் அதை நம்பத் தொடங்கியிருக்கிறார்.

பாலை நன்றியோடு வாங்கிக்கொண்டேன். வீட்டுக்குக் கொண்டுபோய் மூன்று முறை பொங்கவிட்டுக் காய்ச்சிய பிறகுதான் குடித்தோம். நான் அப்படிச் செய்ததற்குக் காரணம் என் குடும்பத்திலேயே இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன்பு ஒரு கேள்வி. மாடு வைத்திருக்கும் ஒருவர் தம் அண்டை வீட்டாருக்குப் பால் விற்பதில் அரசுக்கு என்ன வேலை? பல நாடுகளில் இதற்கென்று தனிச் சட்டங்களே உள்ளன. சில இடங்களில் கறந்த பாலை அப்படியே விற்பது குற்றம். இந்தச் சட்டங்கள் எங்கிருந்து வந்தன? மலாயாவை ஆண்ட பிரிட்டனின் வரலாற்றைப் புரட்டினால் இதற்கு நல்ல விடை கிடைக்கிறது.

தொலைவு வந்தது, நோயும் வந்தது

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் இலண்டன் மாநகருக்குள்ளேயே மாட்டுக் கொட்டகைகள் இருந்தன. நெருக்கமான சந்துகளில் கட்டி வைத்துக் கறந்த பாலை அதே தெருவில் விற்றார்கள். 1865ஆம் ஆண்டில் பிரிட்டனில் கால்நடைக் கொள்ளைநோய் பரவியது. இலண்டன் கொட்டகைகளில் இருந்த மாடுகள் பெருமளவில் மடிந்தன. அந்த இடைவெளியை இரயில் நிரப்பியது. தொலைவிலுள்ள பண்ணைகளிலிருந்து பெரிய பெரிய கொள்கலன்களில் பால் நகரத்துக்கு வந்து சேர்ந்தது.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. அண்டை வீட்டு மாட்டின் பாலைக் குடிக்கிறவருக்கு அந்த மாட்டையும் தெரியும், கறக்கிறவரையும் தெரியும். இரயிலில் வருகிற பாலோ பல பண்ணைகளின் பால் ஒன்றாகக் கலந்தது. நூறு மாடுகளில் ஒன்றுக்கு நோய் இருந்தாலும் அது மொத்தப் பாலிலும் கலந்துவிடும். கறந்து பல மணி நேரம் ஆனபிறகே வீடு வந்து சேரும். அதற்குள் கிருமிகள் பெருகிவிடும்.

பிரிட்டிஷ் மக்களின் பழக்கம் ஒன்றையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். அவர்கள் பெரும்பாலும் பாலைக் காய்ச்சுவதில்லை. பிள்ளைகள் குளிர்ந்த பாலை அப்படியே குடித்தார்கள். தேநீர் வடித்த பிறகு அதில் பச்சைப்பாலை ஊற்றிக்கொண்டார்கள். காய்ச்சினால் சுவை கெட்டுவிடும் என்பது அவர்கள் எண்ணம். நம்மவர் பழக்கம் வேறு. நாம் புதுமனை புகுந்தால் முதலில் செய்யும் காரியமே பால் காய்ச்சுவது. வீட்டுக்கு வந்த பால் அடுப்பேறாமல் குவளைக்கு வருவது நம் சமையலறைகளில் அரிது. நம் பாட்டிமார்களுக்குக் கிருமியைப் பற்றித் தெரியாது. இந்த வெப்பமான நாட்டில் காய்ச்சாத பால் நண்பகலுக்குள் திரிந்துவிடும் என்பது தெரியும். அந்த ஒரு பட்டறிவு பல நோய்களைத் தடுத்தது.

அங்கே அந்த அடுப்பு இல்லை. அதனால் அடுப்பின் வேலையை வேறு யாராவது செய்ய வேண்டியிருந்தது.

ஒரு பேரறிஞரின் பிழை

1882இல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்தவர் ஜெர்மானிய அறிஞர் ராபர்ட் கோக். உலகமே அவர் சொல்லுக்கு மதிப்பளித்தது. 1901ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த காசநோய் மாநாட்டில் அவர் ஒரு கருத்தைச் சொன்னார். மாட்டின் காசநோய் மனிதருக்குத் தொற்றுவது மிக மிக அரிது, எனவே பாலின் வழியாக நோய் வராமல் தடுக்கச் சிறப்பு நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்பதே அதன் சாரம்.

அரங்கில் இருந்த பலருக்கு இது அதிர்ச்சியளித்தது. கழுத்துக் கழலை வீங்கியும், எலும்பு அரித்தும், முதுகு கூனியும் மருத்துவமனைக்கு வந்த பிள்ளைகளை அவர்கள் தங்கள் கண்களால் பார்த்தவர்கள். அதே ஆண்டில் பிரிட்டிஷ் அரசு ஓர் ஆணையத்தை அமைத்தது. பத்தாண்டுகள் ஆராய்ந்து 1911இல் அவ்வாணையம் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. மாட்டின் காசநோய் மனிதருக்குத் தொற்றும்; குறிப்பாகச் சிறுபிள்ளைகளுக்குப் பாலின் வழியாகத் தொற்றும் என்று அது உறுதியாகக் கூறியது. இதற்கிடையே 1905இல் கோக் அவர்களுக்கு நோபல் பரிசும் கிடைத்திருந்தது. பேரறிஞர் சொன்னார் என்பதற்காக ஒன்றை ஏற்றுவிடக் கூடாது என்று மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

அறிக்கை வந்துவிட்டது. சட்டம் உடனே வந்துவிடவில்லை. 1922இல் பாலுக்குத் தரப்பெயர்கள் வழங்கும் சட்டம் வந்தது. காசநோய் இல்லை என்று சோதிக்கப்பட்ட மாடுகளின் பாலுக்கு ஒரு பெயர், சூட்டில் பதப்படுத்திய பாலுக்கு வேறு பெயர் என்று வகுத்தார்கள். உயர்தரப் பாலுக்கு விலை கூடுதல். வசதியுள்ளவர்கள் நல்ல பாலை வாங்கினார்கள். ஏழைகள் பெயரில்லாத பாலையே குடித்தார்கள். 1930களின் தொடக்கத்தில் மாட்டுவகைக் காசநோயால் பிரிட்டனில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் இறந்துகொண்டிருந்தனர். அவர்களில் பெரும்பகுதியினர் பிள்ளைகள்.

சூட்டில் பதப்படுத்துவது பெரிய மாயவித்தை அன்று. பாலை ஏறத்தாழ 63 பாகை செல்சியசில் 30 நிமிடம், அல்லது 72 பாகையில் 15 விநாடி வைத்திருந்து உடனே குளிர்விப்பது. பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860களில் திராட்சை மது கெடாமல் இருக்கக் கண்ட முறையின் வழிவந்தது இது. காசநோய்க் கிருமியும் மற்ற நோய்க்கிருமிகளும் இந்தச் சூட்டில் அழிந்துவிடும். நம் வீட்டு அடுப்பில் பொங்கும் பால் இதைவிட அதிகச் சூட்டை அடைகிறது.

சிறு விற்பனையாளர்களின் எதிர்ப்பு

1934இல் பிரிட்டிஷ் பள்ளிகளில் மலிவு விலையில் பால் வழங்கும் திட்டம் தொடங்கியது. மாணவருக்கு மூன்றில் ஒரு பைண்ட் பால், விலை அரை பென்னி. பள்ளிக்கு வரும் பாலுக்கு வட்டாரச் சுகாதார மருத்துவ அதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்று விதி செய்தார்கள். அரசே பிள்ளைகளுக்குப் பால் கொடுக்கும்போது, அந்தப் பாலில் நோய் இருந்தால் பொறுப்பு யாருடையது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

1938இல், நகரங்களில் பாலைப் பதப்படுத்தியே விற்க வேண்டும் என்று கட்டாயமாக்க வழிவகுக்கும் சட்ட முன்வரைவை அரசு கொண்டுவந்தது. எதிர்ப்புப் பலமாகக் கிளம்பியது. எதிர்த்தவர்களில் முக்கியமானோர், தாமே மாடு வளர்த்து, தாமே கறந்து, தாமே வீடு வீடாக ஊற்றிய சிறு விவசாயிகள். அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான். பத்து மாடு வைத்திருப்பவர் பதப்படுத்தும் இயந்திரத்துக்கு எங்கே போவார்? தம் பாலைப் பெரிய நிறுவனத்திடம் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லும் விலையை வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான். அவருடைய வாடிக்கையாளர்களும் கைவிட்டுப் போவார்கள். இதோடு வேறு இரு வாதங்களும் சேர்ந்தன. சூடு பாலின் சத்தைக் கெடுக்கும் என்பது ஒன்று. அழுக்கான பாலைச் சூட்டால் மறைத்து விற்கப் பெரிய வணிகர்களுக்கு இது வழி செய்துவிடும் என்பது மற்றொன்று. அரசு அந்த முன்வரைவைத் திரும்பப் பெற்றுக்கொண்டது.

இன்றைய காணொளிகளில் கேட்கும் வாதங்களும் இவையேதாம். எல்லாமே பொய் என்று ஒதுக்கிவிட முடியாது. சூட்டில் சில உயிர்ச்சத்துகள் ஓரளவு குறைவது உண்மை. ஆனால் பாலில் நாம் முதன்மையாக நாடும் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அப்படியே இருக்கின்றன. சிறு விவசாயியின் பிழைப்புக்கு ஆபத்து என்பதும் உண்மை. அதே வேளையில், ஆண்டுக்கு ஆண்டு பிள்ளைகள் இறந்துகொண்டிருந்ததும் உண்மை. இரண்டு உண்மைகளையும் ஒரே தராசில் வைக்க வேண்டிய இக்கட்டு அந்த அரசுக்கு.

போருக்குப் பிறகு 1949இல் வந்த சட்டம் ஒரு நடுவழியைக் கண்டது. அரசு அறிவிக்கும் வட்டாரங்களில், பதப்படுத்திய பாலையோ, காசநோய்ச் சோதனையில் தேறிய மாடுகளின் பாலையோ மட்டுமே சில்லறையாக விற்கலாம். வட்டாரம் வட்டாரமாக இது விரிந்தது. மறுபுறம், நாடு முழுவதும் மாடுகளைச் சோதித்து நோயுற்றவற்றை நீக்கும் பணியும் நடந்தது. 1960இல் நாடு முழுவதிலும் உள்ள மாட்டு மந்தைகள் அச்சோதனைத் திட்டத்தின்கீழ் வந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. பிள்ளைகளின் கழுத்துக் கழலைகள் பழங்கதையாயின. நல்ல மாட்டிலிருந்து வரும் பச்சைப்பாலை விற்கும் உரிமையும் சிறு விவசாயிக்கு எஞ்சி நின்றது.

நேரில் விற்றால் மட்டும்

காசநோய் பெருமளவு குறைந்தாலும் கதை முடியவில்லை. மாட்டின் குடலிலும் சாணத்திலும் வாழும் வேறு கிருமிகள் உள்ளன. மாடு நல்ல உடல்நிலையில் இருக்கும்போதே அவை மடியில் ஒட்டிய சாணத்தின் வழியாகப் பாலில் கலந்துவிடும். வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாகும். சில வகைகள் சிறுபிள்ளைகளின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யும்.

ஸ்காட்லாந்தில் இவ்வகை நோய்கள் அடுத்தடுத்துப் பரவியதால், 1983இல் பச்சைப்பால் விற்பனை முற்றாகத் தடை செய்யப்பட்டது. இங்கிலாந்து அவ்வளவு தூரம் போகவில்லை. 1980களின் இறுதியிலும் 1990களின் இறுதியிலும் முழுத் தடை பற்றிய பேச்சு எழுந்து, எதிர்ப்பால் அடங்கியது. மாறாக அங்கே வந்த விதி இதுதான்: கடைகளில் விற்கக் கூடாது, உற்பத்தி செய்பவர் நுகர்பவரிடம் நேரில் விற்கலாம். பண்ணையில் விற்கலாம். தாமே வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். விவசாயிகள் சந்தையில் விற்கலாம். மாடுகள் காசநோயும் கன்றுவீச்சு நோயும் அற்றவையாக இருக்க வேண்டும். ஒரு மில்லிலிட்டர் பாலில் கிருமிகளின் எண்ணிக்கை 20,000க்கு மேல் போகக் கூடாது. அதிகாரிகள் வந்து சோதிப்பார்கள். போத்தலின் மேல், இப்பால் சூடேற்றப்படவில்லை, உடல்நலத்துக்குத் தீங்கான கிருமிகள் இருக்கக்கூடும் என்று எழுதி ஒட்ட வேண்டும்.

இந்த 'நேரில்' என்ற சொல்லில்தான் முழுச் சட்டமும் நிற்கிறது. 2011இல் இலண்டனின் பெரிய கடை ஒன்றில், ஒரு விவசாயியின் பச்சைப்பாலை விற்கும் தானியங்கி இயந்திரம் வைக்கப்பட்டது. இயந்திரம் விவசாயியினுடையது, இடம் கடையினுடையது. இது நேரடி விற்பனையா, கடை விற்பனையா? அதிகாரிகள் வழக்குத் தொடுத்தார்கள். பிறகு வழக்கைக் கைவிட்டு, விதிகளை மறுபரிசீலனை செய்தார்கள். கேட்கச் சிறிய வாதமாகத் தோன்றும். ஆனால் 1865க்கு முன்பு தெருவிலிருந்த மாட்டையும் அதைக் கறந்தவரையும் வாங்குபவர் தம் கண்ணால் பார்த்தார் அல்லவா? அந்தப் பார்வையைச் சட்டம் திரும்பக் கொண்டுவர முயல்கிறது.

ஸ்காட்லாந்துத் தடையில் இன்னொரு செய்தி உண்டு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியதே அதுதான். 1983 தடைக்குப் பிறகு பொதுமக்களிடையே பாலால் வரும் நோய் குறைந்தது. ஆனால் ஒரு கூட்டத்தாரிடம் மட்டும் தொடர்ந்தது. அவர்கள் யார் தெரியுமா? பண்ணைத் தொழிலாளர்களும் அவர்கள் பிள்ளைகளும். தடை செய்யப்பட்டது விற்பனைதான். பண்ணைத் தொழிலாளருக்கு ஊதியத்தின் ஒரு பகுதியாகக் கொடுக்கப்பட்ட பால், விற்பனைக் கணக்கில் வரவில்லை. 1986இல்தான் அவர்களுக்கும் சேர்த்துத் தடை விரிவாக்கப்பட்டது. வாங்குகிறவனைக் காப்பாற்ற எழுந்த சட்டம், கறக்கிறவனின் பிள்ளையை மூன்றாண்டு மறந்துபோயிருந்தது.

எங்கள் கொட்டகை

இனி, தொடக்கத்தில் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

நான் பிறந்து வளர்ந்தது ஒரு இரப்பர் தோட்டத்து லயத்தில். அப்பா பால்மரம் வெட்டும் தொழிலாளி. எங்கள் வீட்டில் இரண்டு வகைப் பால் பேசப்படும். ஒன்று மரத்துப் பால். மற்றொன்று மாட்டுப் பால். லயத்துக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் அப்பா மூன்று மாடுகள் வைத்திருந்தார். தோட்டத்துச் சம்பளம் அரிசிக்கும் மளிகைக்கும் போகும். மாட்டுப் பணம்தான் எங்கள் பள்ளிச் சீருடை, புத்தகம், பிறகு என் ஆசிரியர் பயிற்சிக் கழகப் படிப்பு வரைக்கும் வந்தது. இந்நாட்டுக் கால்நடைத் துறையினர் இவ்வகை மாடுகளை 'உள்ளூர் இந்தியப் பால்மாடு' என்று வகைப்படுத்துகிறார்கள். இந்தியாவிலிருந்து வந்த மாடுகளின் வழித்தோன்றல்கள் அவை. மலாயாவுக்கு நம்மவர் கொண்டுவந்தவற்றில் அரசு ஏட்டில் நம் பெயரோடு பதிவானவை எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், அவற்றில் இந்த மாடும் ஒன்று.

மரத்துப் பாலுக்குக் கணக்கு உண்டு. ஒவ்வொரு நாளும் நண்பகலில் கிராணி வாளி வாளியாக நிறுப்பார். தண்ணீர் கலந்திருக்கிறதா, காய்ந்த இரப்பர் எத்தனை விழுக்காடு தேறும் என்று சோதிப்பார். மாட்டுப் பாலை எவரும் சோதித்ததில்லை. அம்மா பதினொரு வீட்டுக்கு ஊற்றுவார். அந்தப் பதினொரு வீட்டிலும் அடுப்பு எரியும். பால் பொங்கும். அதுவே சோதனை, அதுவே சட்டம்.

எங்கள் வீட்டிலும் பால் காய்ச்சாமல் குடிப்பதில்லை. ஒரே ஒருவனைத் தவிர. என் தம்பிக்கு அப்போது ஆறு வயது. விடியலில் அப்பா கறக்கும்போது அவன் மாட்டின் பக்கத்தில் குந்திக்கொண்டு வாயைத் திறப்பான். அப்பா காம்பைத் திருப்பி ஒரு பீய்ச்சு அவன் வாய்க்குள் விடுவார். அவன் முகமெல்லாம் நுரை. கறந்த சூட்டோடு குடித்தால் உடம்பு இரும்பாகும் என்பது அப்பாவின் நம்பிக்கை. அது அவர்கள் இருவரின் விளையாட்டும் கூட.

1980களின் இறுதியில் ஒரு பள்ளி விடுமுறையில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தது. மாலையானால் ஏறும், விடியலில் வேர்த்துக் கொட்டி இறங்கும். ஒரு வாரம் கழித்துத் திரும்ப வரும். மூட்டெல்லாம் வலி என்று அழுவான். தோட்டத்து மருந்தகத்தில் மாத்திரை கொடுத்தார்கள். மந்திரித்துக் கயிறு கட்டினோம். ஆறு வாரம் கழித்து நகரத்து மருத்துவர் ஒருவர், வேறு எதையும் கேட்காமல் அப்பாவைப் பார்த்துக் கேட்டார், "வீட்டில் மாடு இருக்கிறதா? பையன் பச்சைப்பால் குடிப்பானா?" அப்பா தலையை மட்டும் அசைத்தார்.

கன்றுவீச்சு நோயை உண்டாக்கும் கிருமி அது. மாட்டுக்குச் சினை கலையும். மனிதனுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். எங்கள் மாடுகளில் ஒன்று அதற்கு முந்திய ஆண்டு கன்றை வீசியிருந்தது. நாங்கள் அதைக் கண்ணேறு என்று நினைத்திருந்தோம். கால்நடைத் துறையினர் வந்து மூன்று மாடுகளின் இரத்தத்தையும் எடுத்துப் போனார்கள். பிறகு அந்த ஒரு மாட்டை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். லாரி போனபின்பும் அப்பா நெடுநேரம் கொட்டகையிலேயே நின்றார்.

தம்பி பல வார மருந்துக்குப் பிறகு தேறினான். இன்று நலமாக இருக்கிறான். எங்களிடம் பால் வாங்கிய பதினொரு வீட்டாரில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்மா வீடு வீடாகப் போய்ச் செய்தியைச் சொல்லிவிட்டு வந்தார். நோய் வந்தது மாட்டுக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு மட்டும். ஸ்காட்லாந்துச் செய்தியைப் பல ஆண்டுகளுக்குப் பிறகு படித்தபோது, என் கண்முன் வந்தது நுரை படிந்த அந்தச் சின்ன முகம்தான்.

டப்பாப் பாலும் பாதுகாப்புத்தானா?

அப்படியானால் சிறு பால்காரரிடம் வாங்காமல், முத்திரை வைத்த டப்பாவை வாங்கினால் போதுமே என்று சிலர் எண்ணலாம். அதற்கும் இந்த மண்ணிலேயே ஒரு பாடம் உண்டு. 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவப் பெண்மணி ஓர் உரை நிகழ்த்தினார். 'பாலும் கொலையும்' என்பது அதன் தலைப்பு. குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இனிப்பூட்டிய டின் பாலைக் கொடுக்கும்படி ஏழைத் தாய்மார்களை ஏமாற்றுவதைக் கொலை என்றே கருத வேண்டும் என்று அவர் கண்டித்தார். டின்னுக்குள் கிருமி இல்லை. ஆனால் கைக்குழந்தைக்குத் தேவையான சத்தும் இல்லை. கிருமி இல்லாததெல்லாம் நல்ல உணவு ஆகிவிடாது. மாட்டுக் கொட்டகைக்கு ஒரு நீதி, தொழிற்சாலைக்கு ஒரு நீதி என்று இருக்க முடியாது. இரண்டையும் கேள்வி கேட்க வேண்டும்.

நம் நாட்டில் 1970களில் பால் சேகரிப்பு நிலையங்கள் அமைக்கப்பட்டன. சிறு மாட்டுக்காரர்கள் அங்கே பாலைக் கொண்டுபோய் ஊற்றினால், சோதித்து, குளிரூட்டி, விலை கொடுப்பார்கள். 1983இல் உணவுச் சட்டமும், 1985இல் உணவு ஒழுங்குமுறைகளும் வந்தன. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனாலும் நிலையம் தொலைவாக உள்ளவருக்கும், ஐந்து லிட்டர் மட்டுமே கறப்பவருக்கும் அண்டை வீடுகளே சந்தை. அவரிடம் போய் இயந்திரம் வாங்கு என்றால், 1938இல் பிரிட்டிஷ் சிறு விவசாயி கேட்ட அதே கேள்வியை அவரும் கேட்பார்.

ஜெர்மனியின் விதி எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே விவசாயி தம் பண்ணையிலேயே, தம் சொந்த மாடுகளின் பாலை விற்கலாம். அதிகாரிகளுக்கு அறிவித்திருக்க வேண்டும். விற்குமிடத்தில் ஓர் அறிவிப்பை எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும்: 'பச்சைப்பால். அருந்துவதற்கு முன் காய்ச்சவும்.' நம் பாட்டிமார்கள் வாயால் சொன்னதை அவர்கள் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். விற்பவரின் பிழைப்பும் கெடவில்லை. குடிப்பவரின் உடம்பும் கெடவில்லை.

போத்தலைத் திருப்பிக் கொடுத்த நாள்

காலிப் போத்தலைக் கழுவி எடுத்துக்கொண்டு, மறுவாரம் அம்மாணவனின் வீட்டுக்கே போனேன். கொட்டகை சுத்தமாக இருந்தது. மாடுகளை நன்றாகவே வைத்திருக்கிறார். என்னைக் கண்டதும் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

"பால் நல்லா இருந்துச்சுங்களா ஐயா?" என்றார்.

"ரொம்ப நல்ல பால், தம்பி. காய்ச்சித்தான் குடிச்சோம்" என்றேன்.

அவர் முகம் சற்று வாடியது. "எங்க மாட்டுல ஒரு குறையும் இல்லீங்களே" என்றார். அப்பாவும் இப்படித்தான் சொல்லியிருப்பார். நான் சட்டம் பேசவில்லை. கோக்கைப் பற்றியும் பேசவில்லை. என் தம்பியின் கதையைச் சொன்னேன். அவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில் அவர் கண்கள், கன்றுக்குட்டியோடு விளையாடிக்கொண்டிருந்த தம் மகன் பக்கம் போயின.

"இவனும் காலையில மடிக்கிட்ட வந்து வாயைத் தொறப்பான் ஐயா" என்றார் மெதுவாக.

கால்நடைத் துறையில் இரத்தச் சோதனைக்கு எழுதிக் கேட்கலாம் என்றேன். படிவத்தை நிரப்பத் தாம் வந்து பார்ப்பதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து, மாணவன் என்னிடம் ஒரு தாளைக் கொண்டுவந்து காட்டினான். இருபது சிறு சதுரங்கள் வரைந்து, ஒவ்வொன்றிலும் 'காய்ச்சிக் குடிக்கவும்' என்று தமிழிலும் மலாயிலும் எழுதியிருந்தான். போத்தலில் ஒட்டுவதற்காம். 'காய்ச்சி'க்குப் பின்னால் வரும் 'க்' மட்டும் எல்லாச் சதுரங்களிலும் விடுபட்டிருந்தது. வலிமிகும் இடத்தைக் கற்றுக் கொடுக்க அதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று, இருபதிலும் அவனையே திருத்தச் சொன்னேன்.

தோட்டங்களில் மாடு வளர்த்த, பால் ஊற்றிய பெரியவர்கள் இதைப் படித்தால், உங்கள் வீட்டில் பால் எப்படிக் காய்ச்சினார்கள், எவ்வளவு நேரம் பொங்கவிட்டார்கள் என்பதை எழுதுங்கள். நம் பிள்ளைகளுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

மீண்டும் சந்திப்போம்.